தையலுக்கு விட்ட இடம்

அந்த அறைக்குச் சுவர் கிடையாது, கூரை கிடையாது. நான்கு முளைக்குச்சிகளும் அவற்றைச் சுற்றிக் கட்டிய மஞ்சள் நைலான் கயிறும்தான் இருந்தன. ஆனாலும் வீட்டில் எல்லோரும் அதற்குக் கொடுத்த மரியாதை வேடிக்கையாக இருந்தது. துணி உலர்த்தப் போகும் சித்தி கயிற்றை எங்கு வேண்டுமானாலும் தாண்டியிருக்கலாம். அவளோ சுற்றிக்கொண்டு போய், கதவு வரப்போகும் இடத்தில்தான் காலெடுத்து வைத்தாள். அப்பா கயிற்றுக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனதை நானே பார்த்தேன்.

அம்மாவுக்குத் தையல்கடை. கடைத்தெருவில் எல்லோருக்கும் அவள் 'மாஸ்டர்'. வீட்டிலும் அப்பா அவளை அப்படித்தான் கூப்பிடுவார், பாதி கிண்டலாக, பாதி நிஜமாக. வேலை பார்த்த அச்சகம் மூடிய பிறகு ஒரு வாரம் உதவிக்கென்று கடைக்கு வந்தவர், பதினைந்து வருஷமாகியும் அந்த வாரத்தை முடிக்கவில்லை. அளவு எடுப்பது, இஸ்திரி போடுவது, வருகிறவர்களிடம் பேசிக்கொண்டிருப்பது எல்லாம் அவர் வேலை. எங்களோடு இருக்கும் சித்தி, அம்மாவின் தங்கை, துணியின் ஓரம் பிரியாமல் தைக்கும் ஓவர்லாக் மெஷினிலும், பட்டன் துளைக்குக் காஜா போடுவதிலும் கெட்டிக்காரி. நான் தபாலில் படிக்கிறேன், சாயங்காலம் கடையில் பட்டன் தைக்கிறேன். நடுநடுவே எங்கேயோ பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவதால் சித்தி எனக்கு 'மேகம்' என்று பெயர் வைத்திருக்கிறாள்.

கடையில் அம்மாவுக்கு ஒரு சட்டம் உண்டு. அளவு எடுக்கிறவர் உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும். துணி வெட்டும்போது ஓரத்தில் தையலுக்கென்று கொஞ்சம் கூடுதலாக விட வேண்டும் அல்லவா, அதை வெட்டுகிறவர் மட்டும்தான் விடுவார். இரண்டு பேர் விட்டால் சட்டை சாக்காகிவிடும். இந்த விஷயத்தில் அப்பாவுக்குக் கடையில் கால் அங்குலம்கூடச் சுதந்திரம் கிடையாது.

கயிறு கட்டியதற்குக் காரணம் கடையின் சொந்தக்காரர். மருமகனுக்குக் கண்ணாடிக்கடை வைத்துக் கொடுக்கப் போகிறாராம். இரண்டு மாதத்தில் காலி செய்து தரும்படி மிகவும் பணிவாகக் கேட்டுக்கொண்டார். அவ்வளவு பணிவாகக் கேட்டால் சண்டைகூடப் போட முடியாது. வேறு இடம் தேடினோம், வாடகையைக் கேட்டதும் அப்பா பேச்சை மாற்றினார். அப்போதுதான் சித்தி வீட்டின் பக்கவாட்டு இடத்தைக் காட்டினாள். வீட்டுச் சுவருக்கும் மதிலுக்கும் நடுவில், குழாயும் துணிக்கொடியும் மட்டும் இருக்கும் மண்தரை. ஒரு பக்கச் சுவர் ஏற்கெனவே இருக்கிறது. மூன்று சுவர் எழுப்பி மேலே தளம் போட்டு, தெருவைப் பார்த்து ஒரு கதவு வைத்தால் கடை.

பாங்கில் நான்கு லட்சம் இருந்தது. அதற்கு மேல் ஒரு காசுகூடக் கடன் கிடையாது என்று அம்மா முதலிலேயே சொல்லிவிட்டாள். ஓவர்லாக் மெஷினைக் கடனில் வாங்கிய காலத்தில், மெஷின் ஓடியதைவிட வட்டி வேகமாக ஓடியதை அவள் மறக்கவில்லை. நான்கு லட்சத்துக்குள் அறை முடியவில்லையென்றால் என்ன என்பதும் எங்களுக்குத் தெரியும். ஊருக்கு வெளியே இருக்கும் ஆயத்த ஆடைக் கம்பெனி அம்மாவை மேற்பார்வை வேலைக்குக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. திங்கட்கிழமை பதில் சொல்ல வேண்டும். சம்பளம் ஒன்றும் மோசமில்லை. ஒருமுறை அந்தக் கம்பெனியைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்த அம்மா, ஒரு வரிசை முழுக்கக் காலர் மட்டும், அடுத்த வரிசை முழுக்கக் கை மட்டும் தைக்கிறார்கள் என்றாள். பிறகு யாரையும் பார்க்காமல் கேட்டாள்.

“அங்க முழுச் சட்டையை யாரு பார்ப்பாங்க?”



குச்சி நட்டுக் கயிறு கட்டிய கட்டட மேஸ்திரி வியாழக்கிழமை வந்து தொகையைச் சொன்னார். மின்சார வேலையோடு சேர்த்து ஐந்து லட்சத்து அறுபதாயிரம். அம்மா பேரம் பேசவில்லை. அவர் எழுதிக் கொடுத்த தாளை நான்காக மடித்து, மடிப்பை நகத்தால் நீவி, அப்பாவிடம் கொடுத்தாள். தைத்து முடித்த துணியை இஸ்திரிக்குக் கொடுப்பதுபோல இருந்தது அது.

வெள்ளிக்கிழமை முழுக்க மூன்று பேரும் அந்த அறையைக் கிழித்துக் கிழித்துப் பார்த்தார்கள். தரைக்கு டைல்ஸ் வேண்டாம், சிமெண்ட் போதும். உள்பக்கம் பெயிண்ட் வேண்டாம், வெள்ளையடித்தால் போதும். இரண்டு ஜன்னலில் ஒன்று போகட்டும். இரும்பு ஷட்டர் வேண்டாம், பழைய மரக்கதவு எங்கேயாவது கிடைக்கும். இவ்வளவையும் பிடுங்கிய பிறகும் ஐந்து லட்சத்துக்குக் கீழே இறங்கவில்லை. சித்தி இரண்டாவது ஜன்னலையும் எடுத்துவிடலாம் என்றபோது அம்மா பென்சிலைக் கீழே வைத்தாள்.

“காலரை வெட்டியாச்சு, கையை வெட்டியாச்சு, பாக்கெட்டும் இல்ல. இதுக்குப் பேரு சட்டை இல்லடி, தலகாணி உறை.”

அன்றைக்கு அதோடு பேச்சு முடிந்தது.

சனிக்கிழமை காலை மேஸ்திரி முளைக்குச்சிகளை எடுத்துப் போக வந்தார். வேலை இல்லாவிட்டாலும் குச்சியாவது மிஞ்சட்டுமே என்று சொல்லிக்கொண்டார். வீட்டில் நான் மட்டும் இருந்தேன். எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. சந்தேகம் என்பதுகூடப் பெரிய வார்த்தை, ஒரு வியப்பு. சுவரே இல்லாத, காற்று மட்டும் நிறைந்திருக்கும் இந்த இடத்துக்குள் ஐந்தரை லட்சம் எங்கே இருக்கிறது? செங்கலிலா, கம்பியிலா, கூலியிலா? அவரிடமே கேட்டேன். கேள்வி அவருக்குப் பிடித்திருந்தது போலும், மதில்மேல் உட்கார்ந்துவிட்டார்.

“எல்லாம் அடியிலதான் பாப்பா இருக்கு. சதுர அடி எத்தனைன்னு சொல்லு, அடிக்கு ரெண்டாயிரத்து நானூறு. அளவு நான் சொன்னது இல்ல, உங்க அம்மா சொன்னது. பதிமூணுக்குப் பதினெட்டு.”

பெருக்கிப் பார்த்தேன். இருநூற்று முப்பத்து நான்கு. சரியாகத்தான் இருந்தது. ஆனால் பதிமூன்றுக்குப் பதினெட்டு என்ற அளவு எங்கிருந்து வந்தது? குச்சிகள் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வரைக்கும் இருக்கட்டும் என்று கெஞ்சினேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, கயிற்றின் ஒரு முடிச்சை மட்டும் இறுக்கிக் கட்டிவிட்டுப் போனார்.

வீட்டுப் படியில் உட்கார்ந்து தெருவைப் பார்த்தேன். எதிர்வீட்டு மாடியில் வழக்கம்போல இரும்புக் கம்பிகள் வானத்தைப் பார்த்து நீட்டிக்கொண்டிருந்தன. எங்கள் தெருவில் பாதி வீடுகள் அப்படித்தான், மேலே கம்பி முடிகளோடு நிற்கும். சிலவற்றில் துணிக்கொடி கட்டியிருக்கும், சிலவற்றில் காகம் உட்கார்ந்திருக்கும். சின்ன வயதில் அவற்றை நான் வீடுகளின் வேர் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மரத்துக்குக் கீழே வேர் இருப்பதுபோல வீட்டுக்கு மேலே. இப்போது அப்படி நினைப்பதில்லை. ஆனால் அவை எதற்கென்று யாரிடமும் கேட்டதும் இல்லை.

மதியம் சாப்பாடு எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். அவர்கள் சாப்பிடும் நேரத்தில் டேப்பை எடுத்து வெட்டும் மேசையை அளந்தேன், இரண்டு தையல் மெஷின்களை அளந்தேன், ஓவர்லாக்கையும் இஸ்திரி மேசையையும் அளந்தேன், போட்டுப் பார்க்கிறவர்களுக்கான திரை மறைவையும் விடவில்லை. மேகம் எங்கள் எல்லோருக்கும் கோட்டு தைக்கப் போகிறது என்று சித்தி வாயில் சோற்றோடு சொன்னாள். கடைசியாகச் சும்மா ஒரு ஆசைக்குக் கடையையே அளந்தேன்.

அகலம் பத்தடி. நீளம் பதினைந்தடி.

திரும்ப அளந்தேன். அதேதான். எனக்கு நினைவு தெரிந்த நாளாக ஒரு ஊர் முழுக்கத் துணி தைத்துப் போட்டுக்கொண்ட இடம் இவ்வளவுதானா என்று ஆச்சரியமாக இருந்தது. அடுத்து டேப்பின்மேல் சந்தேகம் வந்தது. துணி டேப் நாளாக ஆக இழுபட்டு நீளும். நீண்ட டேப் எதையும் குறைத்துக் காட்டும். அதனால்தான் அம்மா ஆண்டுக்கொரு முறை பழைய டேப்பைத் தூக்கிப் போட்டுவிடுவாள். உறை பிரிக்காத புது டேப் ஒன்றை எடுத்துப் பழையதோடு சேர்த்துத் தொங்கவிட்டுப் பார்த்தேன். இரண்டும் ஒரே நீளம். டேப் பொய் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை பழைய செய்தித்தாள்களை ஒட்டி, மேசை அளவுக்கு ஒன்று, மெஷின் அளவுக்கு ஒன்று என்று வெட்டினேன். தையல்காரர் வீட்டில் காகிதத்தில் வெட்டிப் பார்ப்பது ஒன்றும் புதுசில்லை. கயிற்றுக்குள் கொண்டுபோய் விரித்து, காற்றில் பறக்காமல் கல் வைத்தேன். ஓவர்லாக்குக்கு மட்டும் காகிதம் போதவில்லை. அதன் இடத்தில் நூலகத்திலிருந்து எடுத்துவந்த தடித்த நாவல் ஒன்றை வைத்தேன். உட்காருகிறவருக்கும் நடக்கிறவருக்கும் இடம் விட்டு, அப்படியே கடையில் இருப்பதுபோல அடுக்கினேன்.

அடுக்கி முடித்த பிறகும் நிறைய மண் மிச்சமிருந்தது. ஒரு ஓரமாக இருந்தால் இன்னொரு மெஷினுக்கென்று நினைத்திருக்கலாம். ஆனால் அது அறையைச் சுற்றிலும் ஒரு பட்டைபோல ஓடியது. அந்தப் பட்டையில் எதையும் வைக்க முடியாது, யாரும் நிற்கவும் தேவையில்லை. மதில் ஓரத்துக் குழாய்கூட அதற்குள்தான் சிக்கிக்கொண்டிருந்தது. அதை இடம் மாற்றுவதற்கென்றே மேஸ்திரி தனியாக ஒரு தொகை போட்டிருந்தார். எனக்கு அந்தப் பட்டையைப் பார்க்கப் பார்க்க எங்கேயோ பார்த்ததுபோலவே இருந்தது.

முதலில் அப்பாவைப் பிடித்தேன். கடையை அளந்தது அவர்தான். எவ்வளவு என்று கேட்டேன்.

“பதினொண்ணுக்குப் பதினாறு,” என்றார், நாளிதழிலிருந்து தலையை எடுக்காமல்.

நான் டேப்பை அவர் முன்னால் நீட்டினேன். அவர் நாளிதழை மடித்தார்.

“சரி, பத்துக்குப் பதினஞ்சு. சொல்லும்போது ஒரு அடி சேர்த்துச் சொன்னேன். நாளைக்கு இடம் பத்தலைன்னு உங்கம்மா என்னைத்தான் பார்ப்பா. துணி கூடினா வெட்டிக்கலாம், குறைஞ்சா என்ன பண்றது?”

சித்தி காஜா ஊசியைக் கோத்துக்கொண்டிருந்தாள். அப்பா சொன்ன அளவைக் காகிதத்தில் வரைந்தது அவள். மாமா சொன்னதைத்தான் வரைந்தேன் என்று அடித்துச் சொன்னாள். வரையும்போது சுற்றிலும் அரை அடி விட்டாயா என்று கேட்டதும், விடாமல் யாராவது வரைவார்களா என்று என்னையே திருப்பிக் கேட்டாள். அப்படியானால் அம்மாவின் கைக்குப் போகும்போது அது பன்னிரண்டுக்குப் பதினேழு. அம்மா மேஸ்திரியிடம் சொன்னது பதிமூன்றுக்குப் பதினெட்டு.

அம்மாவிடம் தனியாகக் கேட்க எனக்குத் துணிச்சல் வரவில்லை. மூன்று பேரையும் கயிற்றறைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். மூன்று பேரும் கதவு வழியாகவே வந்தார்கள். காகித மேசைகளைப் பார்த்துச் சிரித்தார்கள். நாவலைப் பார்த்து, இந்த மெஷின் ஓடாது, தூங்கும் என்றாள் சித்தி. அம்மா மட்டும் சிரிக்கவில்லை. அவள் கண் காகிதங்களின்மேல் இல்லை, காகிதத்துக்கும் கயிற்றுக்கும் நடுவில் இருந்தது. நான் வாயைத் திறக்கவே வேண்டியிருக்கவில்லை. முப்பது வருஷமாகத் துணி வெட்டுகிறவளுக்கு அந்தப் பட்டை என்னவென்று பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

“யாரு விட்டது?” என்றாள்.

அப்பா மதிலைப் பார்த்தார். “நான் ஒரு அடிதான் மாஸ்டர்.”

“நானும் ஒரு அடிதான்க்கா.”

அம்மா குனிந்து, காகித மேசையின் ஓரத்தை விரலால் தொட்டாள். “நானும்,” என்றாள்.

எண்பத்து நான்கு சதுர அடி என்று மெதுவாகச் சொன்னேன். அடிக்கு இரண்டாயிரத்து நானூறு. தையலுக்கு மட்டும் இரண்டு லட்சம் விட்டிருக்கிறோம். அப்பா தலையில் கை வைத்துக்கொண்டார். முதலில் சிரித்தது சித்திதான். சத்தம் வராமல் தோள் மட்டும் குலுங்கியது. பிறகு அப்பா, பிறகு நான். உலகத்துக்கே தைத்தபோது ஒருமுறைகூட நடக்காத தப்பு, நமக்கென்று ஒன்று தைக்கும்போது மூன்று பேருக்கும் சேர்ந்து நடந்திருக்கிறதே என்று அப்பா சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

அம்மா மெஷின் காகிதத்தின் அருகே மண்ணில் உட்கார்ந்தாள்.

“அடுத்தவங்க துணியில நான் பயந்ததே இல்லங்க. நம்மதுன்னதும் பயம் வந்துடுச்சு.”

சாயங்காலம் குச்சிகளுக்காக வந்த மேஸ்திரியிடம் அப்பா புது அளவைச் சொன்னார். எனக்கு அந்த நிமிஷம் சந்தோஷமாக இருந்தது. மேஸ்திரி அதைச் சீக்கிரமே கொஞ்சம் கரைத்தார். அறை சின்னதானால் அடிக்கு விலை கூடுமாம். சின்னதோ பெரியதோ, ஆள் வர வேண்டும், கலவை இயந்திரம் வர வேண்டும், பலகை அடிக்க வேண்டும். அடிக்கு இரண்டாயிரத்து அறுநூறு. ஜன்னல் இரண்டும் உண்டு. குழாய் இருக்கும் இடத்திலேயே இருக்கும். மொத்தம் மூன்று லட்சத்துத் தொண்ணூறாயிரம். பத்தாயிரம் மிஞ்சும், அது மெஷின்களை வண்டியில் ஏற்றிக் கொண்டுவரச் சரியாக இருக்கும்.

எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். அம்மா முடிக்கவில்லை. கயிற்றுக்குள் நின்றபடி பின்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். உடம்போடு ஒட்டித் தைத்த சட்டையில் தையல் பிரிக்க இடமில்லாவிட்டால், உடம்பு கொஞ்சம் பெருத்தாலும் தூக்கிப் போடத்தான் வேண்டும். அவளுக்கு அதுதான் கவலை. நாளைக்கு வேலை கூடினால், இன்னொரு ஆளை வைத்தால், அந்த ஆள் எங்கே உட்காருவது? கம்பெனியிலாவது இடத்துக்குப் பஞ்சமில்லை என்றாள். அந்தப் பேச்சு எனக்குப் பிடிக்கவில்லை. திங்கட்கிழமைக்கு ஒரு ராத்திரிதான் பாக்கி.

“பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க சட்டைக்குக் கீழ மடிச்சுத் தைப்பேன் அண்ணே. பிள்ளை வளர வளரப் பிரிச்சு விடலாம். சுவரை யாரு பிரிச்சு விடுவா?”

மேஸ்திரி எதிர்வீட்டு மாடியைக் கையால் காட்டினார். கம்பி ஒன்றின்மேல் ஒரு காகம் உட்கார்ந்திருந்தது.

“அது என்னன்னு நினைச்சீங்க? மடிப்புத்தான்க்கா. அவங்க மேல மடிச்சிருக்காங்க, நான் உங்களுக்குப் பின்னால மடிக்கிறேன். தளத்துக் கம்பியை ஒரு முழம் நீட்டி விட்டுடுறேன். பின்பக்க மூலையில செங்கல்லை ஒண்ணு விட்டு ஒண்ணு வெளிய தள்ளி வைக்கிறேன். பணம் வந்தா அதுலேருந்து பிடிச்சுக் கட்டலாம். ஒட்டுப் போட்ட மாதிரி தெரியாது.”

நாங்கள் நான்கு பேரும் அந்த மாடியைப் பார்த்தோம். இத்தனை வருஷம் பார்த்த மாடிதான். தெருவின் கடைசிவரைக்கும் பார்த்தேன். ஒவ்வொரு வீட்டின் தலையிலும் யாரோ ஒருவர் கொஞ்சம் மடித்து வைத்திருந்தார்கள். ஒரு மகனுக்காக, ஒரு வாடகைக்காரருக்காக, அல்லது இன்னும் என்னவென்றே முடிவாகாத ஏதோ ஒன்றுக்காக. சில மடிப்புகள் துருப்பிடித்துப்போயிருந்தன. பிள்ளை வளரவில்லையோ என்னவோ.

நீட்டுகிற கம்பிக்குக் கூடுதலாக எவ்வளவு ஆகும் என்று அம்மா கேட்டாள். மேஸ்திரி அது தன் கணக்கு என்றார். எனக்கு அங்கேயும் ஒரு கேள்வி வந்துவிட்டது. சொன்ன தொகையில் அவரும் ஓரத்தில் கொஞ்சம் விட்டிருக்கிறாரா என்று கேட்டேன்.

“அதெல்லாம் வெட்டுறவங்க விடுறது பாப்பா,” என்றார். அம்மா இரண்டு நாளில் முதல்முறையாகச் சிரித்தாள். குச்சிகளை அவர் எடுத்துப் போகவில்லை. பிடுங்கி, உள்ளே தள்ளி நட்டுவிட்டுப் போனார்.

திங்கட்கிழமை காலை கம்பெனியிலிருந்து போன் வந்தபோது அம்மா பக்கவாட்டு இடத்தில் இருந்தாள். புதுக் கயிற்றுக்குள் மண்டியிட்டு, காகித மேசையை நகர்த்திக்கொண்டிருந்தாள். ஜன்னல் வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து துணிமேல் விழும் என்பதில் அவளுக்கும் சித்திக்கும் தகராறு. அப்பா போனைக் கையால் பொத்திக்கொண்டு, கதவு வரப்போகும் இடத்தில் நின்று, என்ன சொல்வது என்று சைகையில் கேட்டார்.

அம்மா நிமிரவில்லை. டேப்பின் ஒரு நுனியை என்னிடம் நீட்டினாள், பிடித்துக்கொள்ளச் சொல்லி.

“மாஸ்டர் வேலையா இருக்காங்கன்னு சொல்லுங்க.”

அவர் அப்படியே சொன்னார், ஒரு அடிகூடச் சேர்க்காமல்.